டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தால் ஒழுக்கம் வந்துவிடுமா?

பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியின் அந்தரங்கப் படம் செல்போன்களில் கைமாறுகிறது. ஒரு பகலுக்குள் ஐம்பது பேர் பார்த்து விடுகிறார்கள். மறுநாள் காலை பள்ளி நிர்வாகம் என்ன செய்கிறது? படத்தைப் பரப்பியவன் யார் என்று தேடுகிறதா? இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட்டு அனுப்புகிறது. இரவு ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடி வருகிற தொழிலாளியை நிற்க வைத்து, "உம்ம பெண்ணால் பள்ளிக்கூடத்தின் மானம் போய்விட்டது, டி.சி.யை வாங்கிக்கொண்டு போம்" என்று சொல்லி அனுப்பி விடுகிறது. இதற்குப் பெயர் ஒழுங்கு நடவடிக்கையாம்!

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம். எந்த மில் ஊரிலும், எந்த நெல் வயல் கிராமத்திலும் இது நடக்கக் கூடும். நடக்கும் போது என்ன செய்வது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால், நம் பிள்ளைகளின் தலைவிதியை நிர்வாகிகளும் மிரட்டல்காரர்களும் சேர்ந்து எழுதி விடுவார்கள்.

போன் எப்படி வந்தது?

"கூலிக்காரன் பெண்ணுக்கு எதற்கய்யா போன்? வாங்கிக் கொடுத்தது யார் தப்பு?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள்.

போன் நம் வீட்டுக்கு ஆடம்பரமாக வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் இனி போனில்தான் என்றார்கள். தாலியை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும், நம் ஜனங்கள் போன் வாங்கினார்கள். பள்ளிகள் திறந்த பிறகும் வீட்டுப் பாடம், பரீட்சைத் தேதி, கட்டண நினைவூட்டல் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. போனை வாங்கச் சொன்னவர்கள், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு மணி நேரமாவது சொல்லிக் கொடுத்தார்களா? மில்லில் புது மிஷினை இறக்கி, காவல் தகடு போடாமல், பழக்கம் கொடுக்காமல் ஓட்டச் சொல்லி, கை போனதும் "நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்கிற முதலாளியின் நியாயம்தானே இது?

ஒரு பெண் கெட்ட கதையா?

வளரும் பிள்ளைகள் தம் அந்தரங்கப் படங்களை ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிக் கொள்வதை ஆங்கிலத்தில் செக்ஸ்டிங் என்கிறார்கள். இது ஏதோ ஒரு கெட்ட குடும்பத்துப் பெண் செய்கிற காரியம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். பல நாடுகளில் நடந்த 39 ஆய்வுகளை, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இளம் பிள்ளைகளின் விவரங்களை, ஒன்று சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இப்படி அனுப்பியிருக்கிறார். நாலு பேரில் ஒருவருக்கு மேல் பெற்றிருக்கிறார். எட்டுப் பேரில் ஒருவர், படத்தில் இருப்பவரைக் கேட்காமலே பிறருக்குத் தள்ளி விட்டிருக்கிறார்.

இந்த மூன்றாவது கணக்கைக் கவனியுங்கள். நம்பி அனுப்பியவர் ஒரு தவறு செய்தார் என்றே வைத்துக் கொள்வோம். கேட்காமல் தள்ளி விட்டவர் செய்ததோ துரோகம். பள்ளி நிர்வாகம் தண்டிப்பது யாரை? துரோகம் இழைக்கப்பட்டவளை! படத்தை நச்சரித்துக் கேட்டு வாங்கியவன் "பையன்தானே, வயசுக் கோளாறு" என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவள் வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

யாருக்கு டி.சி., யாருக்குச் சமாதானம்?

பெயரை வெட்டுவதிலும் ஆள் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். அப்பா காண்டிராக்டர், மாமா வக்கீல் என்றால் ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலி போட்டுப் பேசி, படத்தை அழித்து, சமாதானமாக முடித்துக் கொள்கிறார்கள். அப்பா நடவு ஆள், அம்மா நூல் மில்லில் கோன் சுற்றுபவள் என்றால் சமாதானம் கிடையாது. அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. "பெற்றோரே விரும்பிக் கேட்டதால் டி.சி. வழங்கப்பட்டது" என்று நம்மிடமே எழுதி வாங்கிக் கொள்கிறார்கள். நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. உடலை வருத்தும் தண்டனையும், மனத்தை வதைக்கும் தண்டனையும் கூடாது என்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் நீக்கத்துக்கு எதிரான அந்தக் காவல் இல்லை. இந்தப் பிரச்னை அதிகம் தலைதூக்கும் வயதும் அதுதான்.

டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்த பெண் எங்கே போகிறாள்? பக்கத்துப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். செய்தி முன்னாலேயே போயிருக்கும். பதினாறு வயதில் புரோக்கர் அழைத்துப் போய் மில் ஹாஸ்டலில் தள்ளுவான். இல்லையேல் "மானம் காக்க" அவசரக் கல்யாணம். பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் நடக்கும். ஒரு படம் அழிந்து போகலாம். இழந்த படிப்பு திரும்பாது.

மிரட்டுகிறவனின் முதல் எது?

இதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. மிரட்டிப் பிழைப்பவனுக்கு மூலதனம் அந்தப் படம் அல்ல. அந்தப் பெண்ணின் பயமே அவனுடைய மூலதனம். "வெளியே தெரிந்தால் படிப்புப் போகும், அப்பா அடிப்பார், ஊர் சிரிக்கும்" என்ற பயத்தை வைத்துத்தான் அவன் மேலும் படம் கேட்கிறான், பணம் கேட்கிறான், தனியே வரச் சொல்கிறான். பள்ளி டி.சி. கிழிக்கும் ஒவ்வொரு தடவையும், "பார்த்தாயா, உனக்கும் இதே கதிதான்" என்று அவன் நூறு பெண்களிடம் சொல்லலாம். நிர்வாகம் தன்னை அறியாமலே மிரட்டல்காரனின் ஏஜெண்டாக வேலை செய்கிறது!

பொள்ளாச்சியை மறந்து விட்டோமா? 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான், பெண்களைப் பலாத்காரம் செய்து வீடியோ எடுத்து மிரட்டி வந்த கும்பல் வெளியே வந்தது. அந்த வீடியோக்களை விட அந்தப் பெண்களின் மௌனத்தையே அந்தக் கும்பல் நம்பியிருந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பகிரங்கமாக வெளியிட்ட கொடுமையும் நடந்தது. ஆனாலும் பெண்கள் சாட்சிக் கூண்டு ஏறினார்கள். 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அவர்கள் யாரும் பள்ளிக் குழந்தைகள் அல்லர். அங்கே நடந்தது இதைவிடப் பன்மடங்கு கொடிய குற்றம். ஆயினும் அது தரும் படிப்பினை நம் பிரச்னைக்கும் பொருந்தும். பெண்ணுக்குத் துணை நின்றால் குற்றவாளி விழுவான். பெண்ணை ஒதுக்கினால் குற்றவாளி கொழுப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாத எவரும் குழந்தைதான். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பார்ப்பது, சேர்த்து வைப்பது, அனுப்புவது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். 2024 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், இத்தகைய படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் சும்மா விடக் கூடியவை அல்ல என்று தீர்ப்பளித்தது.

பெரிய மனிதர்களிடமிருந்து குழந்தைகளைக் காக்கச் செய்த சட்டம் இது. தன் படத்தைத் தானே அனுப்பிய பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதன் வாசகத்தில் தனி விலக்கு எதுவும் இல்லை. காப்பாற்ற வந்த வேலி பயிரையே குத்தக் கூடும். ஆகவே பிள்ளைகள் தமக்குள் செய்த தவற்றையும், வயது வந்தவன் மிரட்டி வாங்கியதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பதினெட்டுக்குட்பட்ட பிள்ளை குற்றம் செய்தாலும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியது இளைஞர் நீதிக் குழுமம்தான், லாக்கப் அல்ல. அந்தப் பிள்ளையைத் திருத்தி, மறுபடி வாழ வைப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம்.

இன்னொரு விஷயமும் தெரிந்து கொள்ள வேண்டும். "அவளேதானே படம் எடுக்கச் சம்மதித்தாள்?" என்று கேட்கிறார்கள். எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவன் குற்றவாளிதான். 2013 முதல் குற்றவியல் சட்டம் சொல்வது இது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவும் இதையே சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த நியாயம் ஹெட்மாஸ்டருக்குத் தெரியவில்லையே!

விசாரணை என்ற பெயரில் அந்தப் போனை ஆசிரியர் அறையில் ஆறு பேர் கைமாற்றிப் பார்க்கிறார்களே, அது விசாரணையா? அதுவும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பாது. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தகவல் கொடுப்பது பள்ளியின் கடமை. மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. தகவல் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தகவல் கொடுப்பது வேறு, பெயரை வெட்டுவது வேறு. எந்தச் சட்டத்திலும் "பாதிக்கப்பட்டவளுக்கு டி.சி. கொடு" என்று எழுதியிருக்கவில்லை.

இரண்டு ஊர்களின் அனுபவம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டங்கானக் என்று ஒரு சிற்றூர். 2008-ல் அங்கே பள்ளி அதிகாரிகள் மாணவர்களின் போன்களைப் பறித்துப் பார்த்தார்கள். சிறுமிகளின் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் இரண்டு சிறுமிகள் உள்ளாடையோடு, இடுப்புக்கு மேல் தெரிய இருந்தார்கள், அவ்வளவுதான். படங்கள் அரசு வக்கீலிடம் போயின. படத்தில் இருந்த சிறுமிகளையே அவர் மிரட்டினார்: பல மாதம் நடக்கும் திருத்த வகுப்புக்கு வந்து, "நான் செய்தது ஏன் தவறு" என்று கட்டுரை எழுத வேண்டும், மறுத்தால் குழந்தை ஆபாச வழக்கு! மூன்று குடும்பங்கள் பணிய மறுத்துக் கோர்ட்டுக்குப் போயின. 2009-ல் நீதிபதி அந்த வழக்கைத் தொடர விடாமல் தடுத்தார். 2010-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. மிரட்டித் தரும் பாடம் பாடமல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஸ்பெயினில் அல்மெந்திரலேஹோ என்று ஓர் ஊர். திராட்சையும் ஆலிவும் விளையும் விவசாய வட்டாரம். 2023-ல் அங்கே சில பையன்கள், உடன் படிக்கும் பெண்களின் சாதாரணப் படங்களை எடுத்து, செயற்கை அறிவுச் செயலி ஒன்றின் மூலம் நிர்வாணப் படங்களாக மாற்றிப் பரப்பினார்கள். அந்தப் பெண்கள் எதையுமே அனுப்பவில்லை! ஒழுக்கத்தோடு இருந்தால் ஒன்றும் நேராது என்று உபதேசம் செய்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? அந்த ஊர்த் தாய்மார்கள் மகள்களை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. கூடிப் பேசினார்கள், புகார் கொடுத்தார்கள், ஊர் அறியப் பேசினார்கள். 2024-ல் சிறுவர் நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. ஓராண்டு கண்காணிப்பும், ஆண் பெண் சமத்துவம் பற்றியும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றியும் வகுப்பும் தண்டனையாக விதித்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்பட்டார்கள். தண்டனையோடு பாடமும் கிடைத்தது.

பாடம் நடத்தினால் கெட்டுப் போவார்களா?

இங்கே பாடத்தின் கதி என்ன? 2005-ல் மத்திய அரசாங்கம் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் "கலாச்சாரம் கெட்டுவிடும்" என்று அதைத் தடுத்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலிருந்த ராஜ்யசபையின் மனுக்கள் கமிட்டி, பள்ளிகளில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று கூறிற்று. உலக அனுபவமோ நேர்மாறானது. பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அவசரப்பட்டுத் தவறான வழியில் இறங்குவதில்லை. பலர் நிதானிக்கவே செய்கிறார்கள் என்று யுனெஸ்கோ 2018-ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

2020-ல் மத்திய அரசாங்கமே பள்ளிச் சுகாதாரத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, பதினோரு தலைப்புகள். அவற்றில் இணையத்தைப் பத்திரமாகப் பயன்படுத்துவதும் ஒன்று. காகிதத்தில் கரும்பு! 2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் முழுமையான பாலியல் கல்வி பற்றி யோசிக்கும்படி மத்திய அரசாங்கத்திடம் சொன்னது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. "வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வகுப்புகள் எத்தனை என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்.

பாடம் என்றால் ஆபாசம் அல்ல. உடல் ஏன் மாறுகிறது, மனம் ஏன் அலைபாய்கிறது. திரும்பத் திரும்பப் படம் கேட்பவன் அன்பு காட்டவில்லை, நெருக்குகிறான். "முடியாது" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. "தானே மறைந்துவிடும்" என்று செயலி சொல்லும் படத்தையும் எதிரே இருப்பவன் பிடித்து வைக்க முடியும். வந்த படத்தைத் தள்ளி விடுவது துரோகம், குற்றம். சிக்கல் வந்தால் யாரிடம் ஓட வேண்டும். இவைதான் பாடம். பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே நடத்த வேண்டும். பெண்களை மட்டும் தனி அறையில் உட்கார வைத்து "ஜாக்கிரதை" என்று பயமுறுத்துவது பாதிப் பாடம்கூட அல்ல.

நம் வீட்டுக் கதவும் திறக்கட்டும்

நிர்வாகத்தைச் சாடினால் மட்டும் போதாது, தோழர்களே! மில் கேண்டீனில் ஒரு போனைச் சுற்றிப் பத்துத் தலைகள் குனிந்திருக்கின்றனவே, எதற்கு? களத்து மேட்டில் "இதைப் பாருடா" என்று சிரித்துக்கொண்டு தள்ளி விடுகிறார்களே, அது யாருடைய பெண்? கூலி உயர்வுக்கு ஒன்றாக நிற்கும் நாம், ஒரு தொழிலாளியின் மகளுடைய படத்தை நம் குழுவிலேயே சுற்ற விட்டால், எந்த முகத்தோடு அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பது? படம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அனுப்பியவனை நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் கையை ஓங்காதீர்கள். சொன்னதே பெரிய தைரியம். பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; ஒரு தடவை கொடுத்தால் நூறு தடவை கேட்பான். கட்டைப் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். மிரட்டிய செய்தியையும், எண்ணையும், கணக்கின் பெயரையும் பாதுகாத்து வையுங்கள். ஆனால் சாட்சி காட்டுகிறேன் என்று படத்தை நாலு பேருக்கு அனுப்பி விடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930. நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பதினெட்டுக்குட்பட்டவர்களுக்காக "டேக் இட் டவுன்" என்ற இலவச இணைய சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் அடையாளக் குறியை மட்டும் கொடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய இடங்களில் பரவாமல் தடுக்க அது உதவுகிறது. போலீஸ் வந்தால், போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடிய வரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே பதிய வேண்டும். எந்தக் குழந்தையையும் இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நாம் கேட்பது என்ன?

1. படத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் டி.சி. கொடுக்கக் கூடாது. "பெற்றோர் விருப்பம்" என்று எழுதி வாங்குவதும் கூடாது. இந்தக் காவல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும்.

2. நெருக்கி வாங்கியவர், பரப்பியவர், மிரட்டியவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். பரப்பிய மாணவனுக்குத் தண்டனை உண்டு. அது அவனுடைய படிப்பையும் பறிக்காத, திருத்துகிற தண்டனையாக இருக்க வேண்டும். வயது வந்தவர் சம்பந்தப்பட்டிருந்தால் உடனே போலீஸ்.

3. விசாரணையில் பெண் ஆசிரியரும், பெற்றோர் பிரதிநிதியும், மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும். போனைக் கைமாற்றிப் பார்க்கும் அசிங்கம் ஒழிய வேண்டும். பெயர் வெளியே போகக் கூடாது.

4. ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு மணி நேரச் சுகாதாரப் பாடம், அரசுப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும், நிஜமாகவே நடக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியரை நியமித்து, அந்த மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்காமல் இருக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அந்த நாற்காலியில் காண்டிராக்டர் மட்டும் உட்கார்ந்திருப்பது ஏன்? அடுத்த கூட்டத்துக்கு நடவு வேலை செய்யும் தாய் போகட்டும், ஸ்பின்னிங் பகுதித் தொழிலாளி போகட்டும். "சுகாதாரப் பாடம் எந்தக் கிழமை, எந்த மணி, நடத்துவது யார்?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். பதில் இல்லை என்றால் அதை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும். அடுத்த மாதமும் போய் அதே கேள்வியைக் கேட்கட்டும். பாடம் நடக்கும் வரை கேட்கட்டும்!